எறங்கின கணக்கு, ஏறின கணக்கு

"பயமெல்லாம் ஒண்ணும் இல்லடி. பனியில கைக்கொழந்தைய தூக்கினு வர வேணாம்னுதான் சொல்றேன்."

குணசுந்தரி இப்படிச் சொன்னப்ப அவள யாரும் ஒண்ணும் கேட்டிருக்கல. பெங்களூர் போற விடியக்காலை வண்டி தங்க வயல் கோரமண்டல் ஸ்டேஷன விட்டு அப்பதான் நகந்துச்சு. எதிர் சீட்டுல ஷைலா மடியில பேப்பர விரிச்சுப் போட்டு அவரேக்காய் உரிச்சிக்கினு இருந்தா. பெங்களூர் போறதுக்குள்ள உரிச்சு முடிச்சுட்டா சாயங்காலம் வந்து கொழம்பு வைக்கிறது சுளுவு. டிசம்பர் மாசம்னா அந்த லேடீஸ் பொட்டி பூரா அவரேக்காய் வாசனதான்.

ஷைலா நிமிந்து பாத்தா. "நான் இன்னாக்கா கேட்டேன்? ரெண்டு காய் உரிச்சுக் குடுங்கன்னுதானே கேட்டேன்."

"அதுக்கில்ல. கேக்கலாம்னு இருந்த. மூஞ்சப் பாத்தாலே தெரியுது."

"ஓ. இந்து போன் பண்ணுச்சா?"

குணசுந்தரி ஒரு பிடி காய எடுத்து மடியில போட்டுக்கினா.

அவ பொண்ணு இந்து மஸ்கட்ல இருக்கா. மருமகன் திலீப்புக்கு அங்க ஏசி ரிப்பேர் பண்ற வேலை. பொறந்தது பொம்பளப் புள்ள, எட்டாம் மாசம் நடக்குது. கன்னம் ரெண்டு பக்கமும் பன்னு வச்ச மாதிரி. சிரிச்சா கண்ணு எங்கயோ காணாமப் பூடும். கீழ் ஈறுல அரிசி கணக்கா ஒரே ஒரு பல்லு எட்டிப் பாக்குது. இதெல்லாம் குணசுந்தரி போன்ல பாத்ததுதான். தொட்டதில்ல, தூக்கினதில்ல, உச்சந்தலைய மோந்து பாத்ததில்ல. கொழந்தைய மோந்து பாக்காதவ இன்னா ஆயா, நீங்களே சொல்லுங்க.

மொத பிரசவம் அம்மா வூட்டுலதான் நடக்கணும். அதுக்காக இந்து ஏழாம் மாசமே டிக்கெட் போட்டா. வயித்துப் புள்ளையோட ஆகாசத்துல எதுக்கு, வேணாம்னுட்டா குணசுந்தரி. சரி, நீயாச்சும் வாம்மான்னா இந்து. அதுக்கு புருஷன் ராஜேந்திரன் அலைஞ்சு திரிஞ்சு பாஸ்போர்ட் எடுத்துக் குடுத்தாரு. போற நாள் நெருங்க நெருங்க இவளுக்கு ஒரு நாள் முட்டி வலி, ஒரு நாள் ஜுரம். டிக்கெட்டு வீணாப் போச்சு. புள்ள நர்ஸம்மா கையில பொறந்துச்சு. திலீப்போட அம்மாதான் போயி தண்ணி ஊத்துனாங்க.

இப்ப சோறு ஊட்டற காலம். மொத சோறு அம்மாவப் பெத்தவ மடியிலதான் ஊட்டணும், அது அவங்க ஜனத்துல வழக்கம். பொங்கலுக்கு வரோம்னு நேத்து இந்து சொன்னா. பனி கொறையட்டுமேன்னு இவ இழுத்தா. "உனுக்கு எங்க மேல ஆசை இல்லம்மா, அவ்ளோதான்"னு சொல்லிட்டு இந்து போன வச்சுட்டா. அந்த வார்த்தைக்குத்தான் வண்டியில ஷைலாகிட்ட பதில் சொல்லிக்கினு இருந்தா குணசுந்தரி.

இதுல வேடிக்கை இன்னான்னா, அவ வேலை பாக்குறதே பிளேன் சமாச்சாரத்துலதான். ஒயிட்ஃபீல்டுல எறங்கி கம்பெனி வேன் ஏறிப் போனா ஒரு பெரிய ஷெட்டு வரும். வெளிநாட்டுல பிளேன் செய்யுற பெரிய கம்பெனி ஒண்ணுக்கு, கதவுக்கு வேண்டிய சாமான் இங்கருந்துதான் போகுது. கதவோட கீல் உக்கார்ற பிராக்கெட்டு இவ லைனு. மெஷின்ல ஓட்டை போட்டு வந்தா ஓரத்துல பிசிறு நிக்கும். அந்தப் பிசிற சீவி எடுத்து, வெரல ஒரு சுத்து ஓட்டிப் பாத்து, டிரேயில வைக்கணும். மைன்ஸ் மூடுனப்பறம் கொஞ்ச காலம் கார்மெண்ட்ஸ்ல பட்டன் தச்சு, அங்கருந்து இங்க வந்தவ.

கேண்டீன் வாசல்ல ஒரு வெள்ளை போர்டு. மாசம் பொறந்து கொஞ்ச நாள் போனதும், போன மாசம் அந்தப் பெரிய கம்பெனி எத்தினி பிளேன் செஞ்சு ஏர்லைன்ஸ்காரங்க கையில குடுத்துச்சுன்னு நேத்ரா மேடம் அதுல எழுதுவாங்க. குவாலிட்டியில இருக்குற சின்னப் பொண்ணு, மைசூர்ப் பக்கம். ஜனவரி வந்தா வருஷத்துக்கே மொத்தக் கணக்கு. அது ஏறினா இவங்களுக்கு ஆர்டர் ஏறும், ஓவர்டைம் கெடைக்கும். எறங்கினா காண்ட்ராக்டு ஆளுங்கள நிறுத்திடுவாங்க. அதனால கிரிக்கெட் ஸ்கோர் பாக்குற மாதிரி எல்லாரும் அந்த போர்டப் பாப்பாங்க. போன வருஷத்த முந்துமா முந்தாதான்னு டீ பந்தயம் ஓடும்.

குணசுந்தரியும் பாப்பா. எல்லாரையும் விட ஜாஸ்தி பாப்பா. நம்பர வாயில முணுமுணுத்துக்கினே வண்டி ஏறி, வூட்டுக்கு வந்ததும் ராஜேந்திரன்கிட்ட சொல்லுவா. "இந்த மாசம் இத்தினி போயிருக்குதுங்க."

அவரு ராபர்ட்சன்பேட்டையில ஆட்டோ ஓட்டுறவரு. "போவட்டுமே. நம்ம வூட்டு ஓட்டையா ஒடச்சினு போச்சு?"ம்பாரு.

போன ஜனவரியில அவ ஒரு கேள்வி கேட்டா பாருங்க, அதுலருந்துதான் எல்லாம். வருஷக் கணக்க எழுதிட்டு எல்லாருக்கும் மைசூர்பாகு குடுத்துக்கினு இருந்தாங்க. இவ மைசூர்பாக கையில வச்சிக்கினே போர்ட மேலயும் கீழயும் தேடுனா.

"மேடம், இத்தினி போச்சுன்னு எழுதிட்டீங்க. வந்தது எங்க?"

"எது அக்கா?"

"போனதுல எத்தினி திரும்ப வந்துச்சுன்னு. அந்தக் கணக்கு எந்த போர்டுல கீது?"

மெஷின் ஷாப்பு கிளமெண்டுக்கு வாயில இருந்த ஸ்வீட்டு பொறையேறிப் போச்சு. "மேடம், குணாக்கா பிளேன வாடகைக்கு வுட்டிருக்காங்க! சாயங்காலம் கொண்டாந்து ஷெட்டுல நிறுத்தணுமாம்!" கேண்டீனே சிரிச்சுது.

நேத்ரா சிரிக்கல. கிட்ட வந்து மெதுவாச் சொன்னாங்க. "திரும்பி வராது அக்கா. குடுத்தா குடுத்ததுதான். அதுக்குப் பேருதான் டெலிவரி."

நல்ல மனசோடதான் சொன்னாங்க. ஆனா இவ காதுல விழுந்தது ஒண்ணே ஒண்ணு. திரும்பி வராது.

வேற ஊருல பொறந்தவங்களுக்கு இது ஒண்ணுமில்லாத விஷயம். தங்க வயல்ல பொறந்தவளுக்கு அப்படி இல்ல. அங்க ஷிஃப்டுக்குப் போற ஆளு, சுரங்கத்துக்குள்ள எறங்குற ஷாஃப்டு வாசல்ல இருக்குற டோக்கன் ஆபீஸ்ல நம்பர் போட்ட பித்தளை டோக்கன ஒப்படைச்சுட்டுத்தான் கேஜ் ஏறணும். கேஜ்னா ஆளுங்கள பூமிக்குள்ள எறக்குற இரும்புக் கூண்டு. டோக்கன ஆணியில மாட்டி வைப்பாங்க. மேல வந்து அவன் கையாலயே அத வாங்கினாத்தான் ஆளு வந்ததாக் கணக்கு. ஷிஃப்டு முடிஞ்சும் ஒரு டோக்கன் தொங்கிச்சுன்னா ஒரு ஆளு கீழயே கீறான்னு அர்த்தம். எறங்கினது எத்தினியோ ஏறினதும் அத்தினியே இருக்கணும். எறங்கினத மட்டும் எழுதி வச்சிட்டு மைசூர்பாகு குடுக்குற எடத்த அவ வேற எங்கயும் பாத்ததில்ல.

ஆபீஸ்ல டோக்கன்னா வூட்டுல தட்டு. அப்பா ஷிஃப்டுக்குக் கெளம்பினதும் அம்மா எல்லம்மா அவரு சாப்புடுற தட்ட அலமாரியில கவுத்து வைப்பாங்க. வந்து கைகால் கழுவி உக்காந்தப்பறம்தான் நிமித்துவாங்க. நடுவுல வேற யாரும் தொடக்கூடாது. குணசுந்தரி ஒரு தடவ தெரியாம அதுல மாங்கா வெட்டி வச்சு, முதுகுல நாலு வாங்கினா.

அவ சின்னப் பொண்ணா இருக்கச்ச ஒரு மத்தியானம் தரை ஒரு ஆட்டு ஆட்டுச்சு. அடியில பாறை வெடிக்கிறத அங்க ஏர் பிளாஸ்ட்டும்பாங்க. வழக்கமா வர்றதுதான். அலமாரியில பாத்திரம் கிணுகிணுக்கும், ஜனங்க ஒரு நொடி பேச்ச நிறுத்துவாங்க, அப்பால விட்ட எடத்துலருந்து பேசுவாங்க. அன்னிக்கு விட்ட எடத்துக்குப் பேச்சு திரும்பவே இல்ல. பொம்பளைங்க எல்லாம் ஷாஃப்டு வாசலுக்கு ஓடுனாங்க. அப்பா வேலை செஞ்ச எடம் அப்படியே மூடிக்கிச்சு. தோண்டிப் பாத்தாங்க. தோண்டப் போனவங்க மேலயே பாறை கொட்ட ஆரம்பிச்சதும், அந்தப் பக்கத்த செவரு வச்சு அடைச்சுட்டாங்க. ஒடம்பு வரல.

எல்லம்மா செய்ய வேண்டியது எல்லாம் செஞ்சாங்க. தாலி எடுத்தாங்க, காரியம் பண்ணாங்க, வெள்ளைப் பொடவை கட்டுனாங்க. தட்ட மட்டும் நிமித்தல. பெரியவங்க எவ்வளவோ சொல்லிப் பாத்தாங்க. "அவரு வந்து உக்காரட்டும்"னு ஒரே பேச்சு. அம்மா கண்ண மூடுனப்பறம் தட்டு குணசுந்தரிகிட்ட வந்துச்சு. அம்மா வூட்டுலருந்து கோரமண்டல் வூட்டுக்கு அத ரெண்டு கையிலயும் கவுத்த வாக்குலயே தூக்கினு வந்து அலமாரியில வச்சா.

மைன்ஸ் மூடி, பம்பு நின்னு, கீழ தண்ணி ஏறி எத்தினியோ வருஷம் ஆச்சு. இருந்தும் அப்பப்ப பூமி ஒரு உறுமு உறுமும். அப்ப மத்த பாத்திரம் எல்லாம் சும்மா இருக்கும், அந்த ஒரு தட்டு மட்டும் பேசும். டிங். டிங். உள்ளருந்து யாரோ நகத்தால தட்டுற மாதிரி.

"தண்ணி ஏறுதுடி. கீழ இருக்குற காத்து எங்கயாச்சும் போவணுமில்ல"ம்பாரு ராஜேந்திரன். அவரும் கடைசி வரைக்கும் கேஜ்ல எறங்கி ஏறுன மனுஷன்தான்.

"காத்து ஊதும். தட்டாது"ம்பா இவ.

போர்டுல நேத்ரா எழுதுற ஒவ்வொரு நம்பரும் அவளுக்கு ஆணியில தொங்குற டோக்கனாத்தான் தெரிஞ்சுது. நடுவுல ஒரு ரெண்டு மூணு மாசம் கணக்கு எறங்கிப் போச்சு. பிளேன் எல்லாம் ரெடி, இன்ஜின் வரலன்னாங்க நேத்ரா. போன்ல படம் காட்டுனாங்க. முழுசா செஞ்சு பெயிண்ட் அடிச்ச பிளேனுங்க, இன்ஜின் மாட்ற எடம் காலியா, மைதானத்துல வரிசையா நின்னுச்சு. கேஜ் கயிறு அத்துப்போன ஷாஃப்டு கோபுரம் மாதிரி இருந்துச்சு குணசுந்தரிக்கு. பாத்ததும் அவளுக்கு வயித்துல பால் வாத்த மாதிரி ஆச்சு. இதுங்க எறங்கல. இதுங்க மேலயே கீது.

ஷைலா காண்ட்ராக்டு ஆளு. அவ போர்டப் பாத்துட்டு தலையில கை வச்சுக்கினா. "இப்படியே போனா வர்ற மாசம் என்னைய நிறுத்திடுவாங்கக்கா. நீங்க இன்னாடான்னா லட்டு கெடச்ச மாதிரி நிக்கிறீங்க."

"சீ, இல்லடி"ன்னு சொல்லிட்டு மூஞ்ச திருப்பிக்கினா குணசுந்தரி. மாரியம்மன் கோயில்ல இன்ஜின் வரக்கூடாதுன்னு வேண்டிக்கினது ஷைலாவுக்குத் தெரியாது. வருஷக் கடைசியில இன்ஜினும் வந்துச்சு, நின்னதெல்லாம் மொத்தமா கெளம்பிச்சு. டிசம்பர்ல கொத்துக் கொத்தாப் போகுதுன்னு கம்பெனியே குதிச்சுது.

கிறிஸ்மஸ் முடிஞ்ச வாரம் அவ நந்திதுர்க் மைன் பக்கம் போயி கொர்னேலியஸ் மாமாவப் பாத்தா. அந்தக் காலத்துல டோக்கன் ஆபீஸ்ல இருந்தவரு. ஆளு வத்திப் போயி, மகள் வூட்டுல கட்டிலோட கெடக்காரு. சில நாள் பெத்த மகளையே யாருன்னு கேப்பாரு. அன்னிக்கு ஸ்வெட்டர், குல்லா போட்டு வெயில்ல உக்கார வச்சிருந்தாங்க. மடியில ஒரு அச்சுமுறுக்கு.

"யாரு?"

"குணா, மாமா. எல்லம்மா பொண்ணு."

"உங்கப்பன் டோக்கன் என்கிட்டதான் கீது"ன்னாரு ஒடனே. "ஆணியிலயே தொங்குது. அவன் வந்து கேட்டா குடுப்பேன். வேற யாரு வந்து கேட்டாலும் குடுக்க மாட்டேன், நீ அழுதாலும் குடுக்க மாட்டேன். அப்படிக் குடுக்கக் கூடாது பொண்ணே."

அந்த ஆபீஸ் கூரை விழுந்து, ஆணி மொதக்கொண்டு இரும்பு எல்லாம் களவு போயி, இப்ப முள்ளுச்செடிதான் நிக்குது. அவருக்குப் பின்னாடி நின்ன மகள், கண்டுக்காதீங்கன்னு கையால ஜாடை காட்டுனாங்க. இருந்தாலும் குணசுந்தரி கேக்க வந்தத கேட்டா.

"மாமா, எறங்கின கணக்க மட்டும் எழுதிட்டு, ஏறின கணக்க எழுதாம வுட்டா?"

"எவன் அவன்? எந்த ஷாஃப்டு?"

"ஷாஃப்டு இல்ல. பிளேனு."

கெழவரு அச்சுமுறுக்க ஒரு ஓரம் கடிச்சு, ரொம்ப நேரம் ஊற வச்சாரு. "எண்ணி அனுப்புறவன் எண்ணி அனுப்புவான். வந்தத எண்றது அவன் வேலை இல்ல. யாருக்கு வந்துச்சோ அவங்கதான் எண்ணணும். டோக்கன நான் குடுப்பேன், சரி. உங்க வூட்டுத் தட்ட நானா வந்து நிமித்துவேன்?"

இத வச்சு அவளுக்கு ஒரு தைரியமும் வரல. திரும்பி வர்ற வழியெல்லாம் இல்லாத ஆணியில தொங்குற டோக்கன்தான் கண்ணு முன்னாடி ஆடுச்சு. வந்ததும் இந்துவுக்கு போன் பண்ணி, பொங்கல் வேணாம், பங்குனியில பாக்கலாம்னா. இந்து "ம்"னு மட்டும் சொன்னா. அந்த "ம்" ரொம்ப சாதுவா இருந்துச்சே, அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும்.

பொங்கலுக்கு முன்னாடி ஞாயித்துக்கெழம. ராஜேந்திரன் காலையிலயே குளிச்சு, இஸ்திரி போட்ட சட்டைய மாட்டிக்கினு, தலைக்கு எண்ண வச்சு வாரிக்கினு இருந்தாரு. வாசல்ல பக்கத்து வூட்டு சகாயம் அவரோட காரத் தொடச்சிக்கினு இருந்தாரு.

"எங்கங்க, மாப்ள கணக்கா?"

"சகாயத்தோட ஏர்போர்ட்டு சவாரி."

"ஏர்போர்ட்டா? யாருக்கு?"

அவரு செருப்ப மாட்டிக்கினு, வாசப்படி தாண்டி, கார் கதவையும் தெறந்து வச்சிக்கினு அப்பால திரும்பினாரு. ஓடறதுக்கு வசதியா. "குணா, கத்தாத. இந்துவும் மாப்ளையும் கொழந்தையும் பிளேன்ல ஏறி உக்காந்தாச்சு. கெளம்பியும் கெளம்பிடுச்சு. இனிமே நீ இன்னா சொன்னாலும் எறங்க முடியாது."

அவ கத்தல. கதவு நிலைய புடிச்சுக்கினா. வாய் மட்டும் ஒரு மாதிரி கோணிச்சு.

"நீயும் வா, குணா. கண்ணாடிகிட்ட நின்னு பாக்கலாம்."

"பொம்பளைங்க வாசல்ல போயி நிக்கக்கூடாது"ன்னா அவ. அவருக்குப் புரிஞ்சுது. தங்க வயல்ல பொம்பளைங்க ஷாஃப்டு வாசல்ல போயி நின்னா அது ஒரே ஒரு காரணத்துக்குத்தான். அவரு கார்ல ஏறினாரு.

அவ உள்ள வந்து பொட்டியத் தெறந்தா. கொழந்த பொறந்தன்னிக்கே ராபர்ட்சன்பேட்டையில வாங்கி, துணியில சுத்தி வச்ச ஒரு எவர்சில்வர் தட்டு. உள்ளங்கைய விட கொஞ்சம் பெருசு, ஓரத்துல ஒரு முயல் படம். அத எடுத்து அலமாரியில அப்பா தட்டுக்குப் பக்கத்துல கவுத்து வச்சா. வச்சிட்டு எதிர்ல செவத்துல சாஞ்சு உக்காந்தவதான். அடுப்பு பத்த வைக்கல, தண்ணி குடிக்கல. பக்கத்து வூட்டுல டிவியில யாரோ சிரிச்சாங்க. கோழி ஒண்ணு வாசல் வரைக்கும் வந்து, இவளப் பாத்துட்டுத் திரும்பிப் போச்சு.

வெயில் சாயுற நேரம் போன் அடிச்சுது. ராஜேந்திரன்தான். அவ எடுக்கல. போன்ல சொல்றது கேஜ்லருந்து அடிக்கிற மணி மாதிரி. ஆளு கையில வந்தாத்தான் வந்தது. போன் அடிச்சு அடிச்சு நின்னுச்சு. நின்ன அந்த அமைதியில தரை ஒரு உறுமு உறுமிச்சு.

டிங்.

பெரிய தட்டு. அதுக்கு பதில் சொல்ற மாதிரி சின்னதும், டிங்.

இத்தினி வருஷத்துல அந்தத் தட்டு தனியாத்தான் பேசிச்சு. இப்ப அதுக்குத் தொணை. பெருசு தட்டுது, சின்னது தட்டுது, பெருசு தட்டுது, சின்னது தட்டுது. குணசுந்தரி எழுந்திரிச்சு ஓடி சின்னத் தட்டு மேல கைய வச்சு அழுத்திக்கினா. பூமிக்குள்ள போன அப்பாகிட்ட அவ பேசுனதே இல்ல. அவரு போனதுக்கப்பறம் அவருன்னு ஒருத்தர வச்சுப் பேசுற பழக்கமே அந்த வூட்டுல கெடையாது. அன்னிக்குப் பேசுனா.

"அப்பா, இது வேணாம்பா. இது பச்சக் கொழந்தப்பா. கைய எடுத்துடுப்பா. நீ வந்தா உனுக்குப் போடறேன், சத்தியமாப் போடறேன். இத வுட்டுடு."

உறுமல் நின்னுச்சு. பெரிய தட்டு இன்னும் ஒரே ஒரு தடவ தட்டுச்சு. சின்னது அவ கைக்குள்ள சூடா, சும்மா இருந்துச்சு. கைய எடுக்க அவளுக்கு பயம். அப்படியே நின்னுக்கினு இருந்தா.

கார் சத்தம் கேட்டும் அவ நகரல. "எம்மா! எங்க கீற? போன எடுக்க மாட்டியா நீ?"ன்னு இந்து கத்திக்கினே உள்ள வந்தா. அம்மா அலமாரியில கைய வச்சிக்கினு நிக்கிறதப் பாத்துட்டு, கொழந்தைய நேரா அவ இன்னொரு கையில திணிச்சுட்டா.

கனம். போன்ல கனம் தெரியாது பாருங்க. பால் வாசனை, பவுடர் வாசனை, தலையில வேர்வை வாசனை, தூங்கி எழுந்த புளிப்பு வாசனை. அது இவ மூஞ்ச ஒரு தினுசா மொறைச்சுப் பாத்துச்சு, போலீஸ்காரன் லைசென்ஸ் பாக்குற மாதிரி. அப்பால மூக்குத்திய புடிச்சு இழுத்துச்சு, கண்ணுல தண்ணி வர்ற மாதிரி. இவளுக்கு ஏற்கெனவே வந்துக்கினுதான் இருந்துச்சு.

நல்ல நேரம் பாக்கல, ஒண்ணும் பாக்கல. ஓடிப்போயி சோறு வடிச்சா. சின்னத் தட்ட நிமித்தி, சோத்தக் கொழைய மசிச்சு, நெய் ஒரு சொட்டு, பருப்புத் தண்ணி ஒரு சொட்டு. மடியில வச்சு மொத வாய் ஊட்டுனா. மூஞ்ச சுளிச்சு, பாதிய துப்பி, மீதிய மென்னு, இன்னும் குடுன்னு வாயத் தெறந்துச்சு குட்டி. அப்பால தட்ட அப்படியே புடுங்கி தரையில அடிச்சுது. டிங், டிங், டிங். எல்லாரும் சிரிச்சாங்க. குணசுந்தரிக்கு மட்டும் ஒரு கணம் தூக்கிப் போட்டுச்சு. அப்பால அவளும் சிரிச்சா.

திலீப் போன நீட்டுனான். "அத்தே, இந்தப் படத்தப் பாருங்க. ஏறும்போது எடுத்தது. நீங்க கதவு சாமான் செய்யுற அந்தப் பெரிய கம்பெனியோட புது பிளேனு, சீட்டு பிளாஸ்டிக் வாசனை கூடப் போவல. போன வருஷந்தான் வந்துச்சாம், உள்ள இருந்த பொண்ணு சொல்லுச்சு."

பிளேன் வாசல்ல இந்து, இடுப்புல கொழந்த. கொழந்தையோட கை கதவு ஓரத்துல.

"நான்தாம்மா வச்சேன்"ன்னா இந்து. "ஆயா கை பட்ட கதவு, தொட்டுக்கோடின்னு சொன்னேன். பின்னாடி நின்னவங்க எல்லாம் நகரு நகருன்னு கத்துனாங்க."

குணசுந்தரி படத்தப் பெருசு பண்ணிப் பாத்துக்கினே இருந்தா. ராஜேந்திரன் எட்டிப் பாத்தாரு. "பேத்தியப் பாருன்னா கீலப் பாக்குறா பாரு. பிசிறு கீதாடி?"

"இல்ல"ன்னா அவ.

எல்லாரும் சாப்புட உக்காந்தாங்க. ஒரு தட்டு கொறைஞ்சுது. இந்து நெனவில்லாம அலமாரியில கவுந்து கெடந்த தட்டுக்குக் கைய நீட்டுனா.

"அது வேணாம்"ன்னா குணசுந்தரி. "அவரு இன்னும் வரல."

இந்து கைய இழுத்துக்கினா. கொழந்த அலமாரியப் பாத்து எதுக்கோ சிரிச்சுது. அந்தப் பக்கம் யாரும் இல்ல.

மறுநாள் திங்கக்கெழம. பேத்தி வந்திருக்கச்ச லீவு போடுவான்னுதான் எல்லாரும் நெனச்சாங்க. அவ விடியறதுக்கு முன்னாடி எழுந்து, தூங்குற குட்டிய உச்சியில மோந்துட்டு, "ஒரே ஒரு வேலை கீது, முடிச்சிட்டு மத்தியானமே வந்துடறேன்"னு கெளம்பிட்டா. வண்டியில ஷைலா பையிலருந்து அவரேக்காய எடுத்து ஒயிட்ஃபீல்டு வரைக்கும் உரிச்சுக் குடுத்தா.

கேண்டீன் வாசல்ல கூட்டம். நேத்ரா மேடம் போன வருஷத்து மொத்தக் கணக்க எழுதி முடிச்சு, அடியில ரெண்டு கோடு இழுத்தாங்க. முந்தின வருஷத்த தாண்டியிருந்துச்சு. எல்லாரும் கை தட்டுனாங்க. ஷைலா வேலை தங்குச்சுன்னு கும்புட்டுக்கினா. கிளமெண்ட் மைசூர்பாகு டப்பாவ தூக்கினு வந்து, "குணாக்கா, இந்த வருஷம் கேள்வி இல்லியா? வாடகைக்கு வுட்ட பிளேன் எல்லாம் வந்து சேந்துச்சா?"ன்னான்.

அவ அவன ஏறெடுத்தும் பாக்கல. கூட்டத்த வெலக்கினு நேரா போர்டுகிட்ட போனா. கெழவரு சொன்னது சரிதான். எண்ணி அனுப்புறவங்க அனுப்புனத எண்ணிட்டாங்க. ஒரு வெரல நீட்டி, பிசிறு கீதான்னு பாக்குற மாதிரி அந்த நம்பருக்கு அடியில ஓட்டுனா. அப்பால நேத்ராகிட்ட திரும்பிச் சொன்னா.

"மேடம், அதுல ஒண்ணு எங்க வூட்டுக்கு வந்துடுச்சு. ஒண்ணு கழிச்சுக்கங்க."